வாழைமூட்டுக்குப் போகாத நுரை

எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது மாமாவுக்காகத்தான். மாமா என்றால் என் கணவரின் அப்பா. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து இறங்கிப் போகிற ஒரு சரிவில் இருக்கிறது வீடு. மாமா லாரி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டியது. மாமி போன பிறகு அந்த வீட்டில் மாமா, நான், என் கணவர், மூன்றே பேர். மகள் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள்.

மாமா சுத்தக்காரர். லாரி ஓட்டின காலத்திலேயே சீட்டுக்குப் பின்னால் தேய்த்த சட்டை ஒன்று தொங்குமாம், ஊருக்குள் நுழையும் முன் மாற்றிக்கொள்ள. அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் மழைக்கு முன்னால் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. மூத்திரம் போக வைத்திருந்த டியூபை எடுத்த பிறகு மூத்திரம் கட்டுப்பாட்டில் நிற்கவில்லை. பகலில் எப்படியோ சமாளித்தார். தூக்கத்தில் முடியவில்லை. டாக்டர் சில மாதங்களில் சரியாகும் என்றார். படுத்தபடியே செய்கிற ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். மாமா தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தாரே தவிர, செய்ததாகத் தெரியவில்லை.

தினமும் ஒரு விரிப்பு, ஒரு போர்வை, ஒரு முண்டு. வெயில் காலமாக இருந்தால் துவைகல்லில் அடித்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். ஜூன் மாதத்தில் அது நடக்காது. எங்கள் பக்கத்து மழை தொடங்கினால் துணி காய்வதில்லை, பூசணம்தான் பிடிக்கும். சமையலறையில், கேஸ் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி விரிப்பு காயப்போட்டேன். மாமா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிட உள்ளே வரவில்லை, தட்டை முன்னறைக்குக் கொண்டுவரச் சொன்னார். அன்றே முடிவு செய்தேன். பிழிந்து பாதி உலர்த்தித் தருகிற, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் கண்டக்டர், விடியும் முன்பே டியூட்டிக்குப் போகிறவர். "அப்பா சம்மதிப்பாரா?" என்று மட்டும் கேட்டார். சம்மதம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சமையலறைக்குப் பின்னால் வொர்க் ஏரியாவில் மெஷினை வைத்தோம். அதன் கழிவுக் குழாயை, சுவரோரம் நிமிர்ந்து நிற்கிற ஒரு ஒடுங்கின பிவிசி பைப்புக்குள் இறக்கிவிட்டார்கள். அந்தப் பைப் தரைக்கடியில் ஓடி, முற்றத்தைக் கடந்து, வாழைமூட்டில், வாழைகளின் அடியில், போய் முடியும். முன்பு கை கழுவுகிற தண்ணீர் போவதற்காக மாமா போட்ட பைப்.

முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. காலையில் மாமாவின் அறைக்குப் போய்த் துணிகளை எடுப்பேன். நான் எடுத்து முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். நானும் பேசமாட்டேன், அவரும் பேசமாட்டார். பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை போனபோது கட்டிலில் துணி இல்லை. மாமா திரும்பாமலே, "நான் கொண்டு இட்டாச்சு மக்கா. நீ சுவிட்ச் போட்டா மதி" என்றார். சுவிட்ச் போட்டால் போதுமாம். வாக்கர் பிடித்து நடக்கிற மனுஷன் அவ்வளவு தூரம் போனாரே என்று சந்தோஷப்பட்டேன். மெஷினில் அவருடைய துணி சுருட்டிக் கிடந்தது. அதன்மேல் எங்கள் துணிகளையும் திணித்து, மெஷினுக்கென்று விற்கிற திரவத்தை அளந்து ஊற்றி ஓடவிட்டேன்.

நுரை பொங்கியது அந்த வாரத்தில்தான்.

நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். காலில் ஏதோ ஈரமாக, மெதுவாக ஏறியது. குனிந்தால் சமையலறை வாசல்படி தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. வொர்க் ஏரியாவுக்குள் எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கிற அந்தப் பைப்பின் வாயிலிருந்து நுரை பொங்கிப் பொங்கிச் சரிந்தது. மெஷின் தண்ணீரை வெளியே தள்ளத் தள்ள, பைப் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பியது. தரையெல்லாம் நிறைந்து, பின்வாசல் வழியாக முற்றத்தில் இறங்கி, சரிவு பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சரிவின் அடியில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு கல்மதில். மழைத்தண்ணீர் போக அதில் ஒரு ஓட்டை உண்டு. ஓட்டைக்கு அப்புறம் அவர்களுடைய கிணறு.

அந்த வீட்டு சேச்சி பாலராமபுரத்தில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவர். காலையில் தண்ணீர் கோரக் கிணற்றடிக்கு வந்திருக்கிறார். மதிலுக்கு மேலே தலை தெரிந்தது.

"மோளே, இதெந்தாக்கும்? உங்க நுரை எங்க கிணத்துக்கு வருது."

மெஷினை நிறுத்தினேன். குழாயைப் பைப்பிலிருந்து உருவி வாளிக்குள் போட்டேன். கல்லுப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, நுரையின்மேல் கைநிறைய வீசினேன். உப்பு பட்டால் நுரை அடங்கும். அது எனக்குத் தெரியும். மதில் ஓட்டையில் பழைய சாக்கைச் செருகினேன். பிறகு வாரியலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், கிணற்றடியை நானே தள்ளிக் கழுவிவிட்டேன். கிணற்றுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை, கைப்பிடிச் சுவருக்கு வெளியேயே நின்றுவிட்டது. சேச்சி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இருந்தது, ஆனால் கத்தவில்லை. குடிக்கிற தண்ணீர் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றைக்கே சரிசெய்வேன், இனி வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம், மூத்திரம், சளி என்று வருகிறதையெல்லாம் பரிசோதித்து முடிவு எழுதுவது என் வேலை. ஒன்று சரியில்லை என்றால் எங்கே சரியில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கம். யாரையும் கூப்பிடாமல் அன்று சாயங்காலமே பைப்புக்குள் கம்பியை விட்டேன். தேங்காய் நார், தலைமுடி, சட்டைப் பொத்தான், துணிப்பஞ்சு எல்லாம் ஒரு எலி அளவுக்குத் திரண்டு வந்தது. அதைக் காகிதத்தில் வைத்துக் கணவருக்குக் காட்டினேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாராட்டினார். மாமாவிடமும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அதுதானா காரணம்?" என்றார். ஆமாம் மாமா, அதேதான் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் அன்றைக்குக் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் சும்மா இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாகப் பொங்கியது. இந்தத் தடவை சாக்கையும் தள்ளிக்கொண்டு நுரை அந்தப் பக்கம் போனது. சேச்சி கூப்பிடவில்லை. தன் வாரியலால் தானே தள்ளிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் போனபோது, "நீ சொன்னா நடக்கும்னு நினைச்சேன்" என்றார்.

கணவர் பிளம்பரைக் கூப்பிடலாம் என்றார். பிளம்பர் பூவாரில் ஒரு ரிசார்ட் வேலையில் இருந்தார், அது முடியாமல் வரமுடியாது என்றுவிட்டார். நான் காத்திருக்கவில்லை. பாறசாலையில் ஹார்டுவேர் கடைக்குப் போய் அகலமான பைப், எல்போ, ஒட்டுகிற சொலூஷன், ஆக்சா பிளேடு எல்லாம் வாங்கிவந்தேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நைட்டிக்கு மேலே ஒரு தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். பழைய பைப்பை அறுத்து எடுத்தேன். முற்றத்தைக் கணவர் வெட்டித் தந்தார். நல்ல சரிவு வைத்து, வாழைமூடு வரை புதுப் பைப்பைப் போட்டு மூடினேன். மெஷின் குழாய் இறங்குகிற பைப்பின் வாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவைத்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சத்தம் போடாமல் போய் வாழைமூட்டில் விழுந்தது. கணவர், பஸ் கம்பெனியிலேயே இப்படி ஒரு வேலைக்காரரைப் பார்த்ததில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்றும் சொல்வேன், அந்தப் பைப் வேலையில் ஒரு குறையும் கிடையாது.

மறுநாள் காலை, அந்தப் பைப்பிலும் நுரை பொங்கியது.

அகலம் கூடினதால் மெதுவாகப் பொங்கியது, அவ்வளவுதான். மதில் வரை போகும் முன் நிறுத்திவிட்டேன். ஆனால் அன்றைக்கு நான் பைப்பைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை. உள்ளே துணி தெரியவில்லை. நான் ஊற்றுகிற திரவத்துக்கு இவ்வளவு நுரை வராது.

லேபில் ஒரு பரிசோதனை முடிவு சந்தேகமாக இருந்தால் முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பார்ப்போம். அதையே செய்தேன். அன்று லீவு சொல்லிவிட்டு, துணியே இல்லாமல், ஒன்றும் ஊற்றாமல், மெஷினை ஓடவிட்டேன். அப்போதும் நுரை வந்தது, உள்ளே பழையது ஒட்டிக் கிடந்திருக்கிறது. நுரை அடங்கும்வரை வெறும் தண்ணீரில் ஓட்டினேன். பிறகு என் துணியையும் கணவரின் காக்கியையும் மட்டும் போட்டு, வழக்கமாக ஊற்றுகிற அளவை ஊற்றினேன். கண்ணாடிக்குள் துணி நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வளையம்போல் நுரை. பைப்பில் வந்த தண்ணீர் அப்படியே இறங்கிப் போனது.

மெஷின் நல்லது. பைப் நல்லது. திரவம் நல்லது. மிச்சம் இருந்தது மாமாவின் துணி மட்டும்தான். கையால் துவைப்பதற்கு என்று வாங்கி, துவைகல் பக்கத்தில் வைத்திருந்த சோப்புப் பொடியைப் போய்ப் பார்த்தேன். பெரிய பாக்கெட். மெஷின் வந்த பிறகு அதை நான் தொட்டதே இல்லை. அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து சமையலறைக்குப் போனேன். வொர்க் ஏரியாவில் லைட் எரிந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. மாமா வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் மீன் வெட்டுகிற பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் விரிப்பு. பொடியைக் கைநிறைய அள்ளி, வாழைக்கு உரம் தூவுவதுபோல் அதன்மேல் பரவலாகத் தூவினார். மடித்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடியும் பிரித்து இன்னொரு கை போட்டார். பிறகு பொடி தெரியாதபடி சுருட்டி, மெஷினுக்குள் ஆழமாகத் தள்ளினார். தரையில் சிந்தினதைத் தன் முண்டின் ஓரத்தால் துடைத்தார்.

நான் பின்னால் நகர்ந்து வந்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்பு ஒரு நொடிகூட இல்லை. அவர் அந்த விரிப்பை முகர்ந்த விதம் மட்டும்தான் கண்ணில் நின்றது. அவர் அறைக்குப் போன பிறகு விரிப்பை எடுத்துக் கல்லில் வைத்து அலசிவிட்டு மெஷினில் போட்டேன். அன்றைக்கு நுரை இல்லை. தோசை சுட்டேன், மாமா சாப்பிட்டார், நான் பஸ் ஏறினேன்.

லேபில் காலை நேரத்தில்தான் மூத்திரக் குப்பிகள் வரும். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் செய்தித்தாளில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதையும் ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கையில் தரும்போது வேறு பக்கம் பார்த்தார். அடுத்து வந்த அம்மாவும் அப்படித்தான். நான் எல்லாரிடமும் சொல்வதுபோல, அங்கே வச்சிட்டுப் போங்க என்று சொல்லியிருப்பேன். எனக்கு ஒன்றுமே இல்லாதது அவர்களுக்கு அவ்வளவு பெரியதாக இருக்கிறது. மாமாவிடம் பேசாமல் இருந்தது மரியாதை இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. பேசாமல் இருந்ததால் அவர் தனியாகப் போய்விட்டார்.

சாயங்காலம் கணவர் வரும் முன் மாமாவுக்குக் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வாசல் சிட் அவுட்டுக்குப் போனேன். மாமா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"மாமா, மெஷின்ல பொடி நீங்கதானே இடுதிய?"

அவர் சாயாவை எடுக்கவில்லை.

"மணம் போவல்ல, மக்கா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லண்டாம். எனக்கு வருது."

நான் சொன்னேன், "காலம்பற இருந்து என் கையில இருக்குறது அந்த மூத்திர வெள்ளம்தான், மாமா. ஊர்ல உள்ளவங்க எல்லாருக்கும் உள்ளதை நான் தொடுதேன். ஒரு அருவருப்பும் எனக்கு இல்ல. சொந்த வீட்ல உள்ளவருகிட்டயா வரப்போவுது?"

நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்த பதில். மாமா மெதுவாகத் தலையாட்டினார்.

"உனக்கு இல்ல, எனக்குத் தெரியும். நீ முகம் சுளிச்சு நான் பாத்ததில்ல. ஆனா அதை மருமவ கையில குடுக்க எனக்கு மனசு வரல்ல. அதாக்கும் காரியம்."

நான் நுரைக்கும் மணத்துக்கும் பதில் வைத்திருந்தேன். இது வேறு. கொஞ்சம் யோசித்தேன். அவர் கேட்பது நியாயம் என்று பட்டது. நியாயமாக இருந்தால் அதைச் செய்துவிட வேண்டியதுதானே.

"அப்போ குடுக்கண்டாம். உங்க துணிய நீங்களே அலக்குங்க. மெஷினை நான் படிப்பிச்சுத் தாறேன்."

முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார். சாயாவை எடுத்துக் குடித்தார்.

அப்போதே எழுந்து வொர்க் ஏரியாவுக்குப் போனோம். மெஷின் கதவைத் திறந்து, வாயைச் சுற்றி இருக்கிற ரப்பரை விரித்துக் காட்டினேன். மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் வழவழப்பாகப் படிந்திருந்தது. விரலில் எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். இதுதான் அந்த மணம் என்றேன். கைத்துவையல் பொடி அதிகமானால் தண்ணீரில் முழுக்கக் கரைந்து போகாது, துணியிலும் ரப்பரிலும் தங்கிவிடும். தங்கினது அழுக்கைப் பிடித்துவைத்து நாறும். மணம் போகவில்லை என்று இன்னும் பொடி போட்டால் இன்னும் நாறும், நுரையும் பைப்பில் பொங்கும்.

மாமா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எஞ்சினுக்கு ஓயில் கூடினாலும் இதுதான். புகைஞ்சு கெடுத்துரும்" என்றார். பிறகு தன்மேலேயே கோபப்பட்டதுபோல், இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இது தோணல்லையே என்று முனகினார்.

ரப்பரைத் துடைத்தோம். வினிகர் ஊற்றி, சூடு அதிகம் வைத்து, வெறும் மெஷினை ஓட்டினோம். மகள் விட்டுப்போன நெயில் பாலிஷால் திரவ மூடியின் உள்ளே ஒரு சிவப்புக் கோடு போட்டேன், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினேன். ஒருதடவை காட்டியது போதுமாக இருந்தது. மறுநாள் காலை நான் சமையலறையில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். தண்ணீர் ஏறுகிற சத்தம், சுற்றுகிற சத்தம், பைப்பில் இறங்குகிற சத்தம் எல்லாம் முறைப்படி கேட்டது. முடிந்ததும் விரிப்பைத் தானே எடுத்து, பலகையில் உட்கார்ந்தபடி தாழ்வாகக் கட்டின கயிற்றில் போட்டார். அந்தக் கயிறு மட்டும் என் யோசனை.

அடுத்து மாமா பக்கத்து வீட்டில் சொல்லவேண்டும் என்றார். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், பைப்பைச் சரி பண்ணியாச்சு என்றால் போதும் என்றேன். வேண்டாம் என்றார். "பைப்பு ஒண்ணும் செய்யல்ல. நீ அந்தப் பிள்ளைக்கிட்ட வாக்குக் குடுத்து, அதைப் பொய்யாக்கினது நானாக்கும்."

சேச்சி கடையிலிருந்து வருகிற நேரம் பார்த்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வாக்கரோடு ரோட்டுப்பக்கமாகச் சுற்றிப் போனார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர அவர் கேட்டைத் தாண்டியது அன்றுதான். என்னைக் கூட வரவேண்டாம் என்றுவிட்டார். அங்கே என்ன பேசினார் என்று சேச்சி பிறகு என்னிடம் சொன்னார். உட்காரக்கூட இல்லையாம். நுரை என்னுடைய வேலை, ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளம் நிற்கல்ல, விரிப்பு நாறுமோ என்று பயந்து பொடியை அள்ளிப் போட்டேன், இனி வராது என்று நேராகச் சொல்லியிருக்கிறார். சேச்சிதான் உட்காரவைத்து, அடை சுட்டுக் கொடுத்து அனுப்பினாராம்.

அதைச் சொல்லிவிட்டு, சேச்சி மதிலுக்கு இந்தப்பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு தனக்கும் அதே தொல்லை உண்டு என்றார். கடையில் சேலை மேலே இருந்து எடுக்கும்போது தும்மல் வந்தால் போச்சு, சிரித்தால் போச்சு. பகல் முழுக்க நின்றே வேலை. யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. "அந்த மனுஷன் அவ்வளவு பச்சையா சொன்னாரு. எனக்கு மட்டும் என்ன வெக்கம்னு தோணிச்சு." டாக்டர் மாமாவுக்குச் சொன்ன பயிற்சி தனக்கும் ஆகுமா என்று கேட்டார்.

ஆகும் என்றேன். மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி இழுப்பது, கடையில் நின்றபடியே செய்யலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்று விளக்கினேன். அப்படியும் ஒரு டாக்டரைப் பார்த்துவிடச் சொன்னேன், பார்த்தார். மாமாவிடம் போய், சேச்சி பயிற்சி செய்யத் தொடங்கிவிட்டார், நீங்கள்தான் இன்னும் தொடங்கவில்லை என்றேன். எதற்காக என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் முதல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். சாயங்காலம் வந்து, கொஞ்சம் கூடுதலாகவே செய்துவிட்டேன், இடுப்பு பிடிக்கிறது என்றார்.

மழை குறைந்து, வெயில் வரத் தொடங்கினபோது தினம் துவைத்தது ஒன்றுவிட்ட நாளாகியது, பிறகு வாரத்தில் எப்போதாவது. மாமா ஆராதனைக்குப் போகத் தொடங்கினார். முன்வரிசை வேண்டாம், கதவுப் பக்கம் மதி என்று பின்னால் உட்கார்ந்தார். கணவர் ஒருநாள் தன் காக்கியை மெஷினில் போட்டு, மூடியை அளக்காமல் கவிழ்க்கப் போனபோது மாமா அறையிலிருந்தே அதட்டினார். "எலே, கோடு உண்டு பாரு." எப்படித் தெரிந்தது என்று கணவர் ஆச்சரியப்பட்டார். மூடி கழன்ற சத்தத்துக்கும் ஊற்றின சத்தத்துக்கும் நடுவில் அளக்கிற நேரம் இல்லையாம்.

கிறிஸ்துமஸுக்கு முன் பூவாரிலிருந்து மாமாவின் தங்கை கூப்பிட்டார். அவர் மகன் அங்கே டூரிஸ்ட் போட் ஓட்டுகிறான். அவன் குழந்தைக்கு ஞானஸ்நானம், மாமா வந்து தங்கவேண்டும் என்றார். மாமா போனிலேயே கால் வலி என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் சொல்கிற பதில் அது. அடுத்த நாள் அவரே என்னிடம் வந்து, ஒரு ராத்திரி தங்கினால் எப்படி என்று கேட்டார். தாராளமாகத் தங்குங்கள் என்றேன். பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றையும், மாற்றுத் துணியையும் அவரே பையில் வைத்தார். கணவர் தன் பஸ்ஸிலேயே ஏற்றி நெய்யாற்றின்கரையில் இறக்கி, பூவார் பஸ்ஸில் உட்காரவைத்தார்.

மறுநாள் காலை, வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் போன் வந்தது. மாமாதான்.

"மக்கா, இஞ்ச மெஷின் மேல தொறக்குறதாக்கும். இதுக்கு எவ்வளவு ஊத்தணும்?"

பின்னால் அவர் தங்கையின் குரல் கேட்டது. விருந்துக்கு வந்த ஆள் துணி அலக்க நிக்காரே, இஞ்ச குடு அண்ணா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமா போனை மூடக்கூட இல்லை. "நீ பேசாத இரி. எனக்கு ஆபரேஷன் கழிஞ்சதுல்லா, ராத்திரி விரிப்பு கொஞ்சம் நனைஞ்சு போச்சு. என் துணிய நான் பாத்துக்கிடுவேன்" என்று அவரிடம் சொன்னார், சாதாரணமாக.

மேலே திறக்கிற மெஷினுக்குத் தண்ணீர் கூடுதல், அதனால் திரவமும் கொஞ்சம் கூடலாம், ஆனால் பைப் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள் என்றேன். பார்த்தாச்சு, நேரே தென்னைமூட்டுக்குப் போகுது, நல்ல அகலம் உண்டு என்றார். சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா என்றேன். போயிட்டு வா மக்கா என்று வைத்துவிட்டார்.